இருபது ஆண்டு உறங்கிய எஞ்சின்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மாட்டுக் கொட்டகையின் மூலையில், சாக்குப் போர்த்திய நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? பெட்ரோல் டேங்கின் மேல் கோழி முட்டையிட்டிருக்கும். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தும். “அந்தக் காலத்தில் தாத்தா இதில்தான் திருச்சிவரை போய்வருவார்” என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். அது ஒரு புல்லட் 350 என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அப்படி இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஏனெனில் அந்த வண்டி பிறந்ததே நம் ஊரில்தான்.

பிறந்தது என்று சொல்வதைவிட, வந்து வளர்ந்தது என்று சொல்வது பொருந்தும். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டி அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அதனுடன் கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாகத் திருவொற்றியூர் ஆலையிலேயே எல்லாவற்றையும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தாய் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மறைந்துபோயிற்று. சேய் நிலைத்தது. 1977இல் அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து புல்லட் ஏற்றுமதியாயிற்று! பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் ஏறத்தாழ 2010 வரை பெரிய மாறுதல் இல்லாமல் தொடர்ந்தது. ஆகவேதான் உங்கள் கொட்டகை வண்டிக்கு இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது. கை பழகிய மெக்கானிக்கும் கிடைக்கிறார்.

சரி, வண்டியை வெளியே தள்ளிவிட்டீர்கள். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே உருள்கிறது. உடனே உங்களுக்கு ஓர் ஆசை வரும்: கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கிக்கரை ஓங்கி ஓர் உதை உதைத்துப் பார்த்தால் என்ன?

வேண்டாம். இருபது ஆண்டு ஈரமும் எலியும் செய்யாத சேதத்தை அந்த ஓர் உதை செய்துவிடலாம். ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது?

எஞ்சினின் இதயம், சிலிண்டர் எனப்படும் வார்ப்பிரும்புக் குழல். அதனுள் அலுமினியக் கலவையாலான பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையங்கள். இவற்றை ரிங் என்கிறோம். வண்டி ஓடும்போது இவற்றுக்கிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நிறுத்தி வைத்தபின் அந்த எண்ணெய் மெள்ள மெள்ள வழிந்து கீழே போய்விடும். எஞ்சின் எந்த நிலையில் நின்றதோ, அந்த நிலையில் ஏதேனும் ஒரு வால்வு திறந்திருந்தால் வெளிக்காற்று தாராளமாக உள்ளே வரும். பகலில் எஞ்சின் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சின் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். ஒவ்வொரு மூச்சிலும் சிறிது நீராவி குளிர்ந்து சுவரில் துளியாகப் படிகிறது. இருபது ஆண்டில் எத்தனை இரவுகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள், ஏழாயிரத்தைத் தாண்டும்.

ரிங்கும் சிலிண்டரும் இரும்பு. இரும்புத் துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். நூலிழை இடைவெளியில் துரு வளர்ந்தால், ஆப்பு அடித்ததுபோல் பிஸ்டன் இறுகிவிடும். இந்த நிலையில் கிக்கரை உதைத்தால் உங்கள் உடல் எடை முழுவதும் கிக்கரின் பல்லிலும் கியர் பெட்டியிலும் இறங்கும். பல் உடையும், அல்லது துருத் துகள் சிலிண்டர்ச் சுவரைக் கீறும்.

எனவே முதல் வேலை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது. அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்த கலவையை அரை டம்ளர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது இரண்டாவது வேலை. ஒரு நாள் அல்ல, ஒரு வாரம். மண்ணெண்ணெய் மிகக் குறைந்த பாகுநிலை உடையது. பாடத்தில் படித்த நுண்புழை ஏற்றம் நினைவிருக்கிறதா? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும், துருவின் நுண்ணிய விரிசல்களில் இந்தக் கலவை நுழைவதும் ஒரே விதிப்படிதான்.

வாரம் கழிந்ததும் வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். ஒரு நூல் அளவு அசைந்தால் போதும், பாதி வெற்றி. அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் கலவை, இன்னும் ஒரு வாரம். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் ஏற்றதல்ல.

சூடு காட்டினால் இளகாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் உயர்ந்தால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. வார்ப்பிரும்போ ஏறத்தாழ 11 பங்குதான் விரிகிறது. சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்துச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் அலுமினியம் கூடுதலாக விரிந்து இன்னும் இறுகிக்கொள்ளும்! வெளியே உள்ள சிலிண்டர் மட்டும் விரைவாகச் சூடேற வேண்டும். உள்ளே பிஸ்டன் குளிர்ந்தே இருக்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள்.

திருகு அளவிக்கு ஒரு வேலை

பிஸ்டன் இளகிவிட்டது. எஞ்சினைப் பிரித்துவிட்டோம். போல்ட்டுகள் எல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் கிடக்கின்றன. (ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி வைக்கவில்லையென்றால், பூட்டும்போது மூன்று போல்ட் மிச்சமாகும், அல்லது இரண்டு குறையும்.) இப்போது உங்கள் பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். “இதை வைத்து என்ன செய்யப்போகிறோம்?” என்று சலித்துக்கொண்டவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம்.

புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவு வாய்பாட்டில் இவற்றைப் போட்டுப் பாருங்கள்: 346 கன சென்டிமீட்டர் வரும். 350 என்பது பேச்சுக்குச் சொல்லும் முழு எண்தான். பிஸ்டன் இந்தச் சிலிண்டருக்குள் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தொளதொளவென்றும் இருக்கக்கூடாது. எவ்வளவு இடைவெளி வேண்டும்? இரண்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் பிஸ்டன் 0.16 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.08 மி.மீ.தான் பெருக்கும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது குறைந்தது 0.08 மி.மீ. அளவு இடம் விட்டிருக்க வேண்டும். தலைமயிரின் தடிமன் அளவுதான் இது. இதைக் குறைத்துவிட்டால், எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் நடுச்சாலையில் எஞ்சின் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்று வண்டி சறுக்கும். ஓட்டுபவரின் உயிர் அந்த மயிரிழையில் இருக்கிறது என்று சொன்னால் அது உவமை அல்ல.

சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா என்று அறிய ஓரிடத்தில் அளந்தால் போதாது. மேலே, நடுவில், கீழே என மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்க வேண்டும். அளந்தால் வியப்பான ஒன்று தெரியும். சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. ரிங் எட்டும் உச்சிப் பகுதியில்தான் தேய்மானம் அதிகம். ஏனென்றால் பிஸ்டன் அங்கே கணநேரம் நின்று திரும்புகிறது. ஓடும்போது தானே உண்டாகும் எண்ணெய்ப் படலம், நிற்கும்போது மெலிந்துபோகிறது. வெடிப்பின் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அந்த அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு நசுக்குகிறது. வட்டமும் வட்டமாக இருக்காது. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகமாக அழுந்தும்; அந்தத் திசையில் சிலிண்டர் முட்டை வடிவம் கொள்ளும்.

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்துப் ‘போர்’ போடுவார்கள். அதாவது சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். கிட்டத்தட்ட 1 மி.மீ. பெரிதாக்கி 71 மி.மீ. ஆக்கினால் கொள்ளளவு 356 கன செ.மீ. ஆகிவிடும். கொஞ்சம் கூடுதல் சக்திதானே என்று மகிழ வேண்டாம். ஒவ்வொரு முறை கடையும்போதும் சுவர் மெலிகிறது. முதன்முதலில் பிரிக்கும்போதே கடைசி அளவுக்குக் கடைந்துவிடுவது, மரத்தை வேரோடு வெட்டி விறகாக்குவது போல. 0.5 மி.மீ. கடைந்தால் போதுமென்றால் 0.5 மட்டுமே கடைய வேண்டும். மிச்சத்தை உங்கள் பேரனுக்கு விட்டுவையுங்கள். முன்பே பலமுறை கடைந்து முடித்த சிலிண்டர் என்றால், உள்ளே புதிய உறை இறக்குவது வழி.

கடைந்தபின் சுவரைக் கண்ணாடிபோல் மெருகிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களைப் போடுவார்கள். இதற்கு ஹோனிங் என்று பெயர். அந்தக் கீறல்கள் எண்ணெயைத் தேக்கிவைக்கும் குட்டிக் கால்வாய்கள். வழுவழுப்பான சுவரில் எண்ணெய் நிற்காது.

ரிங்கையும் அப்படியே மாட்டிவிடக் கூடாது. அதைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் பார்க்க வேண்டும். ரிங்கின் சுற்றளவு 220 மி.மீ. அது சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.24 மி.மீ. நீளும். இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும். ஒரு மெல்லிய அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் தீரும் விஷயம் இது. தேய்க்க மறந்தால் சிலிண்டரே பாழ்.

அடியில் இருக்கும் ஆபத்து

சிலிண்டர் கண்ணுக்குத் தெரிகிற இடம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில், நீண்ட காலம் நின்ற வண்டிக்கு உண்மையான ஆபத்து அடியில், கிராங்க்கில் இருக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது, பிஸ்டன் ஒரு நொடியில் 133 முறை நின்று திசை திரும்புகிறது. உச்சியில் அதன் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 800 மடங்குக்கு மேல். பிஸ்டனின் நிறை கால் கிலோ என்று கொண்டால், அதை நிறுத்தித் திருப்புவதற்கே 200 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். அந்த விசை முழுவதையும் தாங்குவது, கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருக்கும் ஒரு புஷ். புல்லட்டில் இது மிதக்கும் புஷ். ராடிலும் ஒட்டாமல், ஊசியிலும் ஒட்டாமல், இரு புறமும் எண்ணெய்ப் படலத்தின் மேல் தானும் சுழலும். அழகான ஏற்பாடு. ஆனால் எண்ணெய் இருக்கும்வரைதான் அழகு. எண்ணெய் வராவிட்டால் சில நிமிடங்களில் அது அரைபட்டுப் போகும்.

அந்த எண்ணெய் வரும் பாதை மிகக் குறுகிய துளைகளால் ஆனது. இருபது ஆண்டு நின்ற வண்டியில் பழைய ஆயில் தாராக உறைந்து அந்தத் துளைகளை அடைத்திருக்கும். வெளியே பளபளவென்று புதுப் பிஸ்டன், புது ரிங், புதுப் பெயின்ட். உள்ளே அடைபட்ட ஒரு துளை. வண்டி முதல் உதையிலேயே கிளம்பும், வீடே கைதட்டும், பத்து நிமிடத்தில் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை வரும். சீரமைத்த எஞ்சின்கள் பல இப்படித்தான் அழிகின்றன.

ஆகவே கிராங்க் கேஸையும் பிரித்து, ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெயைப் பீய்ச்சி, மறுபக்கம் தாரையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசையலாம். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது என்று பொருள். புதுப் புஷ் போட்டு, பளுச் சக்கரங்கள் இரண்டையும் மறுபடி சேர்த்து அழுத்தியபின், இருபுறத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். கோணலாக இருந்தால் செம்புச் சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி அளவு, மறுபடி தட்டு. அரை நாள் பிடிக்கும். இந்த வேலையை நன்றாகச் செய்பவர் எந்த ஊரிலும் ஓரிருவரே இருப்பார்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

வால்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரைப்புப் பசை தடவி, இருக்கையோடு பொருந்தும்வரை கையால் சுழற்றித் தேய்ப்பார்கள். சரியாகப் பொருந்தியதா என்று அறிய, தலைப்பகுதியைக் கவிழ்த்து வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும். ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது.

டேங்கும் பெட்ரோலும்

டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனை வராது. பழைய வார்னிஷ் வாசனை வரும். பெட்ரோலின் ஆவியாகும் பகுதி பறந்துவிட்டது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. இந்தப் பிசின்தான் கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளை அடைக்கிறது. அவற்றைக் கம்பி விட்டுக் குத்திப் பெரிதாக்குபவர்கள் உண்டு. அது கூடாது. அந்தத் துளையின் அளவுதான் பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

டேங்கின் உட்புறத் துருவை நீக்கப் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்ட பாட்டியின் வழியே நல்ல வழி. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலும் இதே வேலையைச் செய்யும். மென்மையான இந்த அமிலங்கள் துருவைக் கரைக்கும். நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. பிறகு சோடாக் கரைசலால் அமிலத்தை நடுநிலையாக்கி, உடனே உலர்த்திவிட வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: ஓட்டையான பெட்ரோல் டேங்கை வெல்டிங் செய்ய நீங்களாக முயலவே கூடாது. காலி டேங்க்தான் மிக ஆபத்தானது. உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்தால் அது ஒரு வெடிகுண்டு.

டேங்கின் வெளிப்புறத்தை மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அந்தப் பொன்வரிகள் சென்னை ஆலையில் தூரிகையால், கையால் இழுத்தவை. ஓரம் சற்றே நெளிந்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதைச் சீரமைப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வண்டி உறங்கிய காலத்தில் பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெரும் நன்மை. 2023இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்க் அடைப்புகளையும் கெடுக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் புது வகையாக மாற்றிவிட்டு, ஓட்டாத நாட்களில் டேங்கைக் காலியாக்கி வைப்பது நல்லது.

முதல் உதை

எல்லாம் பூட்டியாயிற்று. புது ஆயில் ஊற்றியாயிற்று. பிளக் போடாமலே கிக்கரை ஐம்பது முறை மெதுவாக உதையுங்கள். தலைப்பகுதிக்கு வரும் எண்ணெய்க் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். அங்கே எண்ணெய் முத்துமுத்தாகக் கசியும்வரை பிளக்கைத் தொடக்கூடாது.

கசிந்துவிட்டதா? இனி பிளக்கைப் போடலாம். சாவியைத் திருப்புங்கள். ஹெட்லைட்டின் மேலுள்ள அம்மீட்டரைக் கவனியுங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது முள் இடப்புறம் சாய்ந்திருக்கும். மின்சாரம் பாயிண்ட் வழியே சுருளுக்குள் ஓடுகிறது என்று பொருள். ஓரிடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். அந்தக் கணத்தில் பாயிண்ட் திறந்திருக்கிறது. பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியை நெருங்கிவிட்டது. பாயிண்ட் திறக்கும்போது சுருளின் காந்தப்புலம் சட்டென்று குலைகிறது. பேட்டரியின் சில வோல்ட்டிலிருந்து பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தூண்டப்பட்டுப் பிளக்கில் பொறி தெறிக்கிறது. மின்காந்தத் தூண்டல் பாடத்தை இப்படி ஒரு முள்ளில் காட்டும் வண்டி வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. இடக்கையால் டீகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, நெம்புகோலை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஒரே உதை, முழு வீச்சில்.

கிளம்பியதும் வெண்புகை வரும். ஊற்றிய எண்ணெய் எரிகிறது, பயம் வேண்டாம். முறுக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முழுக்கக் குளிர்ந்தபின் தலைப்பகுதி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டர் 40, 50 வேகத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரே வேகத்திலும் போக வேண்டாம். ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும் காலம் அது.

பிறகு சூட்டோடு ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, ஒரு காந்தத்தை அதில் துழாவுங்கள். கருமையாக மெல்லிய இரும்புத் தூள் ஒட்டினால், ரிங் பழகியிருக்கிறது, இயல்புதான். காந்தத்தில் ஒட்டாத, வெள்ளி நிறச் செதில்கள் தட்டில் மின்னினால்? அவை அலுமினியம். பிஸ்டன் எங்கோ சுவரை உரசுகிறது. அப்படியானால் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குத் திரும்பிப் போங்கள். போகும்போது நீங்கள் குறித்து வைத்த அளவுச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.